தலைப்பு எழுதாத கொப்பி

1

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவில், பசு மாட்டு உருவக் காந்தம் ஒன்றின் கீழ், மகளின் பாடசாலைப் படிவம் ஒன்பது நாட்கள் தொங்கியது. இந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு. நாய் வளர்க்கப் படிவம், பழைய சோபாவை எறியப் படிவம். சுவிஸின் பேர்ண் நகருக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகளில் நான் நிரப்பியவற்றை அடுக்கினால் என் இடுப்பு உயரம் வரும். வந்த படிவத்தை வந்த அன்றே நிரப்புவது என் பழக்கம். இதை மட்டும் நிரப்பவில்லை.

மகள் அபிரா உயர்பாடசாலையின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். எல்லாரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதில் குடும்ப ஆவணம் எதையாவது சேர்த்தால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். படிவத்தில் நாலு வரிகள். மாணவியின் பெயர். ஆவணம் என்ன. அது யாருடையது. கையொப்பம். முதல் இரண்டையும் அவளே எழுதிவிட்டாள். ஆவணம் என்ற இடத்தில் 'என் அப்பாவின் போர்க்கால நாட்குறிப்பு, ஒரு பக்கம்' என்று டொச்சு என்ற ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தாள்.

நான் அப்படி ஒரு நாட்குறிப்பை அவளுக்குக் கொடுக்கவில்லை.

கட்டுரையை எடுத்து வாசித்தேன். முப்பத்தொரு பக்கம். ஹிஸ்டோன் டிஅசெற்றைலேஸ் என்ற நொதிகளும், போரின் காயம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போவதும். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: 'என் தந்தையின் கோபத்தை அவருடைய நொதிகள் எழுதின, நான் அதைப் பிறப்பிலேயே பெற்றுக்கொண்டேன்.'

எனக்குக் கோபம் வந்தது. என் நொதிகளைக் கேட்டுக்கொண்டு அது வரவில்லை.

2

அந்த நொதிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பதினோர் ஆண்டுகளாக அவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. கொட்டாஞ்சேனையில் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். இங்கே வந்ததும் என் சான்றிதழை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதங்களின் பின், 'சமமான தகைமை என்று உறுதிப்படுத்த இயலவில்லை' என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. ஆறு ஆண்டுகள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன். ஒருநாள் உதவியாளர் ஒருவர் வராதபோது, அளவுகளை நான் பிழையில்லாமல் எடுப்பதைப் பார்த்துவிட்டு மேசையில் உட்கார வைத்தார்கள்.

தெரிந்ததைச் சொல்கிறேன். நம் ஒவ்வொரு கலத்தினுள்ளும் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீள மரபணு இழை இருக்கிறது. தையற்காரர் நூலைக் கட்டையில் சுற்றுவதுபோல, அந்த இழை ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. கட்டையின் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் அசெற்றைல் என்ற சிறு குறி ஏறினால் சுற்று தளரும். அந்த இடத்து மரபணுவை வாசிக்கலாம். அந்தக் குறியைக் கழற்றுபவைதான் டிஅசெற்றைலேஸ் நொதிகள். குறி போனால் சுற்று இறுகும். பெரும்பாலும் மரபணு வாய் மூடும். மனிதருக்கு இவை பதினெட்டு. பதினொன்று வேலை செய்ய நாகம் என்ற உலோகம் வேண்டும். மற்ற ஏழுக்கும் வேறு துணை.

இதில் கெட்டது ஒன்றும் இல்லை. இதயக் கலமும் ஈரல் கலமும் ஒரே மரபணுக்களைத்தான் வைத்திருக்கின்றன. எதைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது என்பதில்தான் ஒன்று இதயமாகவும் மற்றது ஈரலாகவும் இருக்கிறது. தவிரவும், கழற்றிய குறியைத் திரும்பப் போடலாம். இந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. அபிராவின் பதினான்காம் பக்கத்தில் அவற்றின் பட்டியல் இருந்தது. மூன்றாவது, சோடியம் வல்புரோவேற்று. அந்தப் பெயரில் என் விரல் நின்றது. பிறகு பக்கத்தைத் திருப்பினேன்.

அன்று பின்னேரம் அவள் வந்தாள்.

"நொதியைப் பற்றின பகுதி சரி. மற்றது பிழை," என்றேன்.

"எது மற்றது?"

"எனக்கு நடந்தது உனக்குப் பிறப்பிலேயே வந்ததெண்டு எழுதினது."

"எலியில காட்டியிருக்கினம் அப்பா."

"நான் எலி இல்லை."

குசினிக்குள் இருந்து மனைவி வசந்தியின் குரல் வந்தது. "எலியெண்டால் ஒரு நேரமாவது சத்தம் போடாமல் இருக்கும்."

அபிரா சிரித்தாள். "பாருங்கோ, இப்பவும் கோபப்படுறீங்கள். இதைத்தான் நான் எழுதினனான்."

விந்தணு உருவாகும்போது ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி கழற்றி எறியப்பட்டு வேறொரு புரதம் போடப்படுகிறது. மிஞ்சுவது சிறு பங்கு. அதில் என்ன தங்கும், என்ன அழியும் என்று மனிதரில் இன்னும் யாரும் திட்டமாகக் காட்டவில்லை. இதை அவளுடைய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ஆனால் என் கோபம் விஞ்ஞானப் பிழை பற்றியது அல்ல. போரை ஓர் இரசாயனக் குறியாக்கிவிட்டால் அதைச் செய்தவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். போருக்கு ஆட்கள் இருந்தார்கள். சப்பாத்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் கதிரை எடுத்துக் கொடுத்தால் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணிகூடக் குடித்தார்கள். ஒரு நொதியைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அதனால்தான் உலகத்துக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இதுக்குத்தான் அப்பா கையெழுத்து. உங்கட அலுமாரி மேல்தட்டில இருந்தது. கேட்காமல் எடுத்தது பிழைதான்."

பின்னிணைப்பு இரண்டு. ஒரு கொப்பிப் பக்கத்தின் நகல். நேராகக் கோடு போட்ட மூன்று நிரல்கள். ஆங்கிலத்தில் என் கையெழுத்து.

வெள்ளவத்தை ரயில் நிலையம், காலை 7.10, 4 நிமிடம்.
தெஹிவளைச் சந்தி, மாலை 5.40, 3 நிமிடம்.
கொட்டாஞ்சேனை, கோயில் வீதி, பகல் 12.15, 2 நிமிடம்.

கீழே அவளுடைய குறிப்பு: 'சோதனைச் சாவடிகளிலும் தாக்குதல்களிலும் தான் எதிர்கொண்ட ஆபத்தை என் தந்தை இடம், நேரம், நிமிடக் கணக்கில் பதிந்துள்ளார்.'

கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தேன். அது விழுந்தது. நான் கத்தியதில் வசந்தி கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். என்ன கத்தினேன் என்று இருவரும் பிறகு சொன்னார்கள். "நீயும் அவங்கள் வாசிச்ச மாதிரியே வாசிக்கிறாய்" என்றேனாம்.

எவர்கள் என்று அபிரா கேட்டாள். நான் வெளியே நடக்கப் போய்விட்டேன்.

3

அந்தக் கொப்பி நாட்குறிப்பு அல்ல. என் தம்பி ரவீந்திரனின் வலிப்புக் கணக்கு.

ரவி என்னைவிட ஆறு வயது இளையவன். யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து, வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் இருவரும் வாடகைக்கு இருந்தோம். வாடகைக்கு இருக்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் இரண்டு பெயர்கள். நான் காலை ரயிலில் கோட்டை நிலையத்துக்குப் போய் அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுப்பேன். அவன் காலி வீதி என்ற பிரதான சாலையில், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் இருந்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் தாய்மார் அழுவதைக் கேட்டுக் கேட்டு, யாருடைய மகன் எந்த நாட்டில் என்ன பொய் சொல்கிறான் என்று எனக்குச் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வலிப்பு வரும். அரசாங்க ஆசுபத்திரி ஒன்றில் கிளினிக். அங்கிருந்த சிங்கள டொக்டர் நல்ல மனிதர். "எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். இந்த மூன்றும் எழுதி வாருங்கள், மருந்தின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிப்பேன்" என்றார். அவர் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் எழுதினேன். வலிப்பு வந்ததும் அவனைச் சரித்துப் படுக்கவைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

"அண்ணை, நான் விழுந்தால் என்னைப் பார்க்கிறீங்களோ, மணிக்கூட்டைப் பார்க்கிறீங்களோ?" என்று ஒருநாள் கேட்டான்.

"இரண்டையும்."

"இரண்டையும் பார்க்கிற ஆளுக்கு மாறுகண் எண்டு பேர்."

மருந்து, சோடியம் வல்புரோவேற்று. காலையில் இரண்டு குளிசை, இரவில் இரண்டு.

கொப்பியின் முகப்பில் அவன் பெயர் இருந்தது. உள்ளே நிரல்கள் இருந்தன. வலிப்பு என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு தலைப்பு எழுத எனக்கு அரை நிமிடம் போதும். எழுதவில்லை. வீட்டுக்கார அக்கா அறையைக் கூட்ட வருவாள். அவள் கண்ணில் பட்டால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். அதே காரணத்துக்காக, கிளினிக் பெயர் அச்சடித்த கடுதாசி உறைகளைக் கிழித்துப்போட்டுவிட்டு, குளிசைகளை ஓர் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். கிளினிக் அட்டையைப் பெட்டிக்குள், உடுப்புகளின் கீழ் வைத்துப் பூட்டினேன்.

அந்த நாட்களில் எனக்குச் சுவிஸிலிருந்து ஒரு கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வசந்தி. அவளுடைய தகப்பனார் நேரே கேட்டு எழுதியிருந்தார்: 'பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ?' 'இல்லை' என்று எழுதினேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் உண்மை முழுவதையும் எழுதினால் அவர் அடுத்த வரியை வாசிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்குப் பரம்பரை என்ற சொல் கேட்டால் போதும், விளக்கம் தேவையில்லை. சாதகத்தில் செவ்வாய் பார்ப்பதுபோல இரத்தத்தில் வலிப்புப் பார்ப்பார்கள்.

பரம்பரை என்ற அதே சொல்லைத்தான் என் மகள் இன்று விஞ்ஞானம் என்று எழுதிக்கொண்டு வருகிறாள்.

4

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு இருபது. ரவி காலைக் குளிசை இரண்டையும் விழுங்கியிருந்தான். பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. ஆறு பேர் வந்தார்கள். வேறொரு பகுதியிலிருந்து வந்தவர்கள், எங்களுக்குப் பழக்கமில்லாத முகங்கள். அடையாள அட்டை, பதிவுத் துண்டு இரண்டும் சரி. போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவன் மேசையில் இருந்த டப்பாவைத் திறந்தான்.

எண்ணினான். நூற்று அறுபத்தெட்டு. என் கணக்கிலும் அதுதான். ஊரடங்கு வந்தால் தவறக்கூடாது என்று ஆறு கிழமைக்குச் சேர்த்து வைத்திருந்தேன். வடக்கே போராடிய இயக்கத்துக்கு மருந்து போகிறது என்று அவர்கள் சல்லடை போட்டுத் தேடிய காலம் அது.

அவர்களில் பெரியவன் சிங்களத்தில் என்ன மருந்து என்று கேட்டான். வாசலில் வீட்டுக்கார அக்கா நின்றாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டார் நின்றார்கள். "தலையிடிக் குளிசை," என்றேன்.

"நூற்று அறுபத்தெட்டு தலையிடியா?" என்று அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு கொப்பியைத் திறந்தான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன். வெள்ளவத்தை ரயில் நிலையம், ஏழு பத்து, நாலு நிமிடம். சிரிப்பு நின்றது. மற்றவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினான். ரயில் நிலையங்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்கள். இடம், நேரம், நிமிடம். அவனுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் வேறெப்படி வாசித்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்வதால் அவனை மன்னிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் செய்ததற்கு இனித்தான் வருகிறேன்.

"மே பொத்த காகெத?" என்றான். இந்தப் புத்தகம் யாருடையது.

எழுதியவன் நான். கோடு போட்டவன் நான். அந்தக் கிழமை வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தூதரகத்தில் எனக்குக் கலியாண விசாவுக்கு நேர்முகம் இருந்தது.

"மல்லிகே," என்றேன். தம்பியுடையது.

முகப்பில் அவன் பெயர்தானே இருந்தது. ரவி என்னைப் பார்த்தான். "ஓவ், மகே," என்றான். ஓம், என்னுடையது. கொப்பியோடும் டப்பாவோடும் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது படலையடியில் திரும்பி, மெதுவாக, தமிழில் கேட்டான்: "அண்ணை, சொல்லுங்கோவன்."

ஒழுங்கை முழுக்க ஆட்கள். பிறகு தனியே போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன்.

பத்து நாற்பதுக்குக் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இங்கே இல்லை என்றார்கள். அடுத்த இடத்தில், நாளைக்கு வா என்றார்கள். திங்கட்கிழமை மூன்றாவது இடத்தில், நீண்ட மேசைக்கு முன்னால், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, அந்த வருத்தத்தின் பெயரை மூன்று மொழியிலும் சொன்னேன். குளிசை கொடுக்காவிட்டால் செத்துப்போவான் என்றேன். மேசையில் இருந்தவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். அவனுக்கு விளங்கியது, முகத்தில் தெரிந்தது. அட்டையைத் திருப்பித் தந்து, "ஐயா வந்த பிறகு வா" என்றான். அவனுடைய ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் மாலை ஆறு மணி வரை நின்றேன். ஐயா வரவில்லை.

ஞாயிறு இரவு, திங்கள் காலை, திங்கள் இரவு, செவ்வாய் காலை. நாலு வேளை. எட்டுக் குளிசை. அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்காமல் வரலாம். செவ்வாய் மத்தியானம் ஆசுபத்திரிக்கு வரச் சொன்னார்கள். அவன் சவச்சாலையில் இருந்தான். அவனுடைய உடுப்புகளோடு கொப்பியையும் தந்தார்கள், முகப்பு மட்டை இல்லாமல். இயற்கை நோய் என்று எழுதியிருந்தார்கள். எத்தனை நிமிடம் என்று யாரும் எழுதவில்லை.

5

புதன்கிழமை கனத்தை மயானத்தில் எரித்தோம். வியாழன் காலை ஒன்பது மணி நேர்முகத்துக்கு எட்டு நாற்பதுக்கே போய்விட்டேன்.

பொலிஸ் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரே சொன்னது. சுவிஸுக்கும் அப்படித்தான் செய்தி போனது. நான் மறுக்கவில்லை. அடித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் வலிப்பு இல்லை, கொப்பி இல்லை, நான் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. இந்த நாட்டுக் குடியுரிமைக்கான நேர்முகத்தில், பச்சைப் போத்தலையும் பழுப்புப் போத்தலையும் எந்தத் தொட்டிகளில் போடுவீர்கள் என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னேன். சகோதரர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.

ஆய்வுகூட மேசையில் அமர்ந்த முதல் மாதம், என் மேலாளர் ஒரு போத்தலை நீட்டினார். நொதியைத் தடுத்துக் காட்ட ஒப்பீட்டுக்கு இதைப் பயன்படுத்துங்கள் என்றார். வெள்ளைத் தூள். சோடியம் வல்புரோவேற்று. வலிப்பை அது அடக்குவது பெரும்பாலும் வேறு வழிகளால். இந்த நொதிகளையும் தடுக்கிறது என்பது பின்னர்தான் தெரியவந்தது. சொன்ன அளவை மில்லிகிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்தேன். பதினோர் ஆண்டுகளாக நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு போத்தலில் எத்தனை குளிசைக்கான தூள் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

அபிராவின் கட்டுரையில் பதினான்காம் பக்கத்தில் அந்த மருந்து இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில் அந்தக் கொப்பி இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆளை அவளுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தது எந்த நொதியும் அல்ல.

6

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். இல்லாவிட்டால் எங்காவது விட்டுவிடுவேன். இதுவரை நீங்கள் வாசித்தது அந்தக் கடுதாசிதான். கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

முதலில் வசந்தி கதைத்தாள். "வலிப்பெண்டு தெரிஞ்சிருந்தால் எங்கட அப்பா விட்டிருக்கமாட்டார்."

"அதுதான்."

"அதுதான் எண்டு சொல்லாதேங்கோ. அப்பாவைத்தான் நினைச்சீங்கள். நான் எண்டு ஒராள் இருந்தனான். என்னட்டைக் கேட்டிருக்கலாம்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு திரும்பவும் உட்கார்ந்தாள். "பத்தொன்பது வருசமாய் அந்தப் பெடியனுக்கு ஒரு திவசம்கூட ஒழுங்காய்ச் செய்யாமல் இருக்கிறம், நீங்கள் கதைக்க விடமாட்டீங்கள் எண்டு."

அபிரா சோற்றைத் தொடவில்லை. "அது பரம்பரை வருத்தமோ அப்பா?"

"இல்லை. நாலு வயசில மூளைக்காய்ச்சல் வந்தது. அதுக்குப் பிறகுதான். டொக்டர் முதல் நாளே சொன்னவர்."

"அப்ப ஏன் ஒளிச்சனீங்கள்?"

அதற்கான பதில் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதக்கூடியது அல்ல.

"நான் எழுதினது எல்லாம் பிழையெண்டு கத்தினீங்கள்," என்றாள். அவளுடைய குரலில் என் கோபம் இருந்தது. அது எப்படி வந்ததோ, எனக்குத் தெரியாது. "நீங்கள் கோபப்படுறதை மட்டும்தான் எனக்குக் காட்டினனீங்கள். ஏனெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நான் வேற எங்க போய்த் தேடுறது?"

பிறகு அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து, இரண்டாம் பக்கத்து வாக்கியத்தை நான் பார்க்கவே அழித்தாள். நொதிகள் பற்றிய பதினேழு பக்கமும் அப்படியே இருக்கும் என்றாள். போர் பற்றிய பகுதியை எழுத, அந்த மேசையில் இருந்தவன் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஐயா எங்கே போயிருந்தார் என்று கேட்டாள். சாப்பிட என்றேன். அதையும் எழுதினாள்.

பின்னிணைப்பு இரண்டின் நகலை என் முன்னால் வைத்து, பேனையைத் தந்தாள். மேலே வெறுமையாக இருந்த இடத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும், ரவீந்திரனின் வலிப்புப் பதிவு என்று எழுதினேன். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

வசந்தி குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்து படிவத்தை எடுத்துவந்து போட்டாள். மூன்றாவது வரி. ஆவணம் யாருடையது.

என்னுடையது என்று எழுதினேன். அன்று ரவி சொன்ன சிங்களத்தில் அது இரண்டே எழுத்து, மகே.